நாலாவது அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டேன், சங்கரா

என் பிரியமுள்ள சங்கரனுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. வருஷாப்தீகத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. இந்த மலையாள ஊரில் தமிழ் மலர் ஒன்று நடத்துகிறவர்கள் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். "பெரிய எகனாமிஸ்ட், நம்ம கரமனைத் தெருவில பிறந்தவர், வெளிநாட்டு சர்க்காருக்கெல்லாம் யோசனை சொன்னவர், அப்படி எழுதிக் கொடுங்கோ மாமி" என்றார் வந்தவர். சரி என்று சொல்லி நாலு தடவை உட்கார்ந்தேன். நாலு தடவையும் என் பேனா உன்னோடு பேசத்தான் போயிற்று. அதனால் இதை உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அலமாரியில் இருந்த, அந்த ரிப்போர்ட்டின் நாலாவது அத்தியாயத்தை, தீவில் உன்னோடு வேலை பார்த்த ரோசலினுக்கு அனுப்பிவிட்டேன். உன் பெண் மீராவுக்கு இஷ்டமில்லை. நீ வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரும் வேண்டாம் என்றார். இருந்தும் அனுப்பினேன். உனக்குக் கோபமா? நீ கோபித்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பேன்?

உன் வேலை என்னவென்று நம் வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. நான் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்தவள். காய்ச்சலுக்கு இது, சர்க்கரைக்கு இது என்று சொன்னால் எவருக்கும் புரியும். நீ "ஏழை நாடுகளோட சர்க்கார் கடன்" என்பாய். வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் விடாமல் கேட்டேன். நீ சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய்.

"அப்பா வீடு ரிப்பேர் பண்ண லோன் எடுத்தது ஓர்மை இருக்கா அக்கா?" என்று கேட்டாய்.

"இல்லாமலா? அந்த வருஷம் அம்மா பாலைப் பாதியாக் குறைச்சாளே."

"பின்னே? ஏழெட்டு வருஷம் கழிச்சு?"

"அப்புறம் அப்பாவுக்குச் சம்பளம் கூடித்து. லோன் இருக்கறதே மறந்து போச்சு."

"அதாக்கும் என் சப்ஜெக்ட்" என்றாய். "கடன் வட்டியால வளரும். நாட்டோட வருமானமும் வளரும். வருமானம் வேகமா வளர்ந்தா, பழைய கடன் சின்னதாத் தெரிய ஆரம்பிக்கும். வட்டி வேகமாப் போனா, புதுசா ஒரு காசு வாங்காட்டாலும் கடன் வீங்கிண்டே இருக்கும். ரெண்டுல எது முன்னாடி போறதுன்னு பாக்கறதுதான் வேலை."

"இதுக்கா டாக்டர் பட்டம் கொடுத்தா?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் தேங்காய்த் துருவல் தரையெல்லாம் சிதறியது. உன் மனைவி லலிதா இறந்த பிறகு நீ அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

லலிதா போனபோது மீராவுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து நீங்கள் இருவரும் என்னோடுதான். மீராவுக்குப் பின்னல் போட்டதும் ஸ்கூல் மீட்டிங் போனதும் நான். அவள் என்னிடம் தமிழும், வாசலில் தோழிகளிடம் மலையாளமுமாக வளர்ந்தாள். நீ வருஷத்தில் பாதி நாள் வெளியூர். ஊர் திரும்பும்போதெல்லாம் அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஏதாவது வாங்கி வருவாய். எனக்கு வாங்கியது பெரும்பாலும் எதற்கென்றே தெரியாத ஏதோ ஒரு பாத்திரம்.

அப்படித்தான் அந்தத் தீவுக்கும் போனாய். பெயரை இங்கே எழுதவில்லை. அங்குள்ளவர்கள் பட்டது போதும்.

அங்கே பல வருஷமாக எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்று சொன்னாய். சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், மீன் ஏற்றுமதியாயிற்று, நாட்டின் வருமானம் வட்டியை விட வேகமாக வளர்ந்தது. இன்னும் எவ்வளவு கடன் வாங்கலாம், துறைமுகமும் சாலையும் கட்டலாமா என்று பார்த்துச் சொல்ல ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. அதில் நீ ஒருவன். அந்த நாட்டு நிதி அமைச்சகத்தில் உனக்குத் துணையாக இருந்தவள் ரோசலின். அவள் வீட்டில் ஒரு நாள் பூராவும் உனக்கு விருந்து வைத்ததாகவும், நீ மீன் சாப்பிட மாட்டாய் என்று தெரிந்ததும் அவள் அம்மா பதறிப்போய்த் தோட்டத்துப் பப்பாளியைப் பறித்து வந்து வெறும் சோற்றோடு வைத்ததாகவும் போனில் சொன்னாய். "மூணு வேளையும் பப்பாளி, அக்கா. சொல்லவும் முடியலே, முழுங்கவும் முடியலே."

அதற்கப்புறம் வந்த ஒரு போனைப் பற்றி எழுதப் போகிறேன். உனக்கு இது தெரிந்த கதை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் குரலுக்குப் பின்னால் கடல் இரைச்சல் கேட்டது.

"அக்கா, ஒரு காரியம் கேக்கணும். பொறுமையாக் கேளு. ரிப்போர்ட்ல நாலாவது அத்தியாயம் நான் எழுதினது. இத்தனை வருஷம் நன்னாப் போச்சு, அதனால இனிமேலும் போகும்னு மத்த அத்தியாயமெல்லாம் சொல்றது. என்னோடது அப்படிச் சொல்லலே."

"அப்படீன்னா?"

"அப்பா லோன் நம்ம ரூபாயில. வட்டியும் மாறாது. இவாளோட கடன் டாலர்ல இருக்கு. நாலஞ்சு வருஷத்துக்கொரு தடவை பழசை அடைச்சுட்டுப் புதுசா வாங்கணும். கொடுக்கறவனுக்குப் பயம் வந்தா வட்டியைக் கூட்டுவான். கூட்டினதாலேயே இவாளால கட்ட முடியாமப் போகும். பணக்கார நாட்டுல கஷ்டம் வந்தா வட்டி இறங்கும். இந்த மாதிரி நாட்டுல வளர்ச்சி விழற அன்னிக்குத்தான் வட்டி ஏறும். அதனால கொஞ்சமா வாங்குங்கோ, வளர்ச்சி குறைஞ்சா தவணையும் குறையற மாதிரி எழுதி வாங்குங்கோன்னு போட்டிருக்கேன்."

"நல்லதாத்தானேடா எழுதியிருக்கே."

"குழுத் தலைவர் அதை எடுக்கணும்ங்கறார். அடிக்குறிப்பா ரெண்டு வரி போட்டாப் போறுமாம். அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் ரிப்போர்ட் போகும். இல்லேன்னா நான் பேர் போடாம விலகணும். விலகினா நிலையத்துல என் காண்ட்ராக்டை நீட்டறது சம்சயம்."

அந்த வாரம்தான் மீராவுக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணைப் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்து அறையில் பெட்டிக்குள் எதை வைப்பது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் நீயா பொறுப்பு? நாலு பேர் போடறா, அவாளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுத்து? குழந்தையோட படிப்பை நினைச்சுப் பாரு. போட்டுட்டு ஊருக்கு வந்து சேரு."

"அப்படியா சொல்றே?" என்றாய்.

"ஆமாம். அப்படித்தான் சொல்றேன்."

"செரி அக்கா."

அவ்வளவுதான் நம் பேச்சு. போனை வைத்துவிட்டு நான் போய்த் தோசைக்கு அரைத்தேன். மனதில் ஒரு உறுத்தலும் இல்லை. தம்பிக்கு நல்ல புத்தி சொன்ன திருப்திதான் இருந்தது. அதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை, சங்கரா.

அந்த ரிப்போர்ட்டுக்கு நல்ல பேர். மீரா படிக்கப் போனாள். தீவில் துறைமுகம் வந்தது, அதன் படத்தைக் கூட எனக்குக் காட்டினாய். நான் தெருவில் நாலு பேரிடம் உன் பெருமையைச் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் எதிர்வீட்டுக் கிட்டு மாமா, பேங்கில் இருந்து ரிட்டயரானவர், ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவலோடு வந்தார். "கோமதி, சங்கதி கேட்டியோ? டெபாசிட்டுக்கு வட்டி கூட்டிட்டா. நம்ம மாதிரி வயசானவாளுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ரொம்ப நாளைக்கப்புறம் நமக்கொரு நல்ல காலம்." அன்று மத்தியானம் உனக்குச் சாதம் போட்டுக்கொண்டே அதைச் சொன்னேன். நீ பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"உலகம் பூரா ஏறிண்டிருக்கு, அக்கா."

"ஏறட்டுமே. நல்லதுதானே?"

"நமக்கு நல்லதுதான்" என்றாய். மோர் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் உன் இலையில் மிச்சமிருந்ததைப் பார்த்து முணுமுணுத்தேன்.

அதற்கப்புறம் நடந்தது நீ எழுதி வைத்தபடியே நடந்தது. பணக்கார நாடுகளில் வட்டி ஏறியதும் தீவில் போட்ட பணத்தை எல்லாரும் எடுத்துக்கொண்டு போனார்கள். சுற்றுலாக்காரர்கள் குறைந்தார்கள். தீவின் பணத்துக்கு மதிப்பு விழுந்தது, டாலரில் வாங்கிய கடன் ஒரே வருஷத்தில் வீங்கியது. பழசை அடைக்கப் புதுசு கொடுக்க ஆளில்லை. ஒரு நாள் அந்த அரசு கட்ட முடியாது என்று அறிவித்தது. டிவியில் பெட்ரோலுக்கு நிற்கிற வரிசையைக் காட்டினார்கள். நீ சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாய்.

ஒரு வாரம் கழித்துப் பெட்டியை எடுத்தாய். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். "யாரும் கூப்பிடலே" என்றாய். சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்திருந்தாய். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, "வெயில் ஜாஸ்தி" என்றாய். நிலையத்தில் வேலையை விட்டாய். கூட்டங்களுக்கு அழைத்தால் உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டாய். காலையில் சாலைக் கடைத்தெரு வரை நடந்து போய், வீட்டில் இருக்கிற காய்கறியையே மறுபடி வாங்கி வந்தாய். நான் அதற்கும் கடிந்துகொண்டேன்.

கடைசி நாளன்று நீ இரண்டாவது காப்பி கேட்டாய். "இப்பத்தானே குடிச்சே, இரு" என்றேன். கொஞ்சம் பொறுத்துக் கலந்து எடுத்துக்கொண்டு வந்தேன். நாற்காலியில் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மடியில் செய்தித்தாள். தூங்குகிறாய் என்று நினைத்து டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். ஆறிப்போகிறதே என்று எழுப்ப வந்தபோதுதான் தெரிந்தது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான். டம்ளரை வைத்தபோதே எனக்கு ஏன் தெரியவில்லை?

நீ போய் நாலு மாதம் கழித்து, உன் மெயிலுக்கு ரோசலின் எழுதியிருந்தாள். நீ இறந்தது அவளுக்குத் தெரியாது. மீரா என் போனில் உன் மெயிலை வைத்துக் கொடுத்திருந்ததால் நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் எழுதினேன். மறுநாள் வீடியோவில் கூப்பிட்டாள். சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன், அவளுக்கும் தலை நரைத்திருக்கிறது. முதலில் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கேட்டாள்.

கடன் கொடுத்தவர்களோடு அவர்கள் பேச்சு வார்த்தை நடத்துகிறார்கள். 'இப்படியாகும் என்று யாருக்கும் தெரியாது, உங்கள் அரசின் ஊதாரித்தனம்தான் காரணம், பழைய வட்டியோடு கட்டுங்கள்' என்கிறார்களாம் எதிர்ப்பக்கத்தார். "அவர் ஒரு அத்தியாயம் எழுதினார், அதை எடுத்துவிட்டார்கள். எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். பிரதி என்னிடம் இல்லை. அது இருந்தால், தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது" என்றாள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று, பேச்சுக்குத்தான் கேட்டேன். அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்ததாம். அரசிடம் டாலர் தீர்ந்ததும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய சாமான் வரவில்லை. மூன்று நாள் இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. எனக்கு அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருந்து ஷெல்ஃப் காலியாக இருக்கும்போது எதிரில் சீட்டோடு நிற்கிறவர் முகம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

"சங்கரன் வந்தபோது அம்மா இறந்து ஒன்பது நாள். எங்கள் வாசலில் நின்றுகொண்டே இருந்தார், உள்ளே வரவில்லை. நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்" என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது எனக்கு.

இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை, சங்கரா? சொன்னால் நான் அந்தப் போனை நினைப்பேன் என்றா?

அன்றே உன் அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில், பழைய பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் இருந்தது. நாற்பது பக்கம் இருக்கும். முதல் பக்கத்தின் மேலே உன் கையெழுத்தில், தமிழில், நாலு வரி:

"இது உண்மை என்று தெரிந்தே இதை எடுத்துவிடச் சம்மதித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நானே போட்ட கையெழுத்து. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை."

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லிச் செய்யவில்லையா? நான் யார்?

படிப்பு முடிந்து இப்போது பெங்களூரில் இருக்கும் மீராவுக்குப் போன் செய்து எல்லாம் சொல்லி, அந்த நாலு வரியையும் படித்துக் காட்டினேன். அந்தப் போன் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன்.

"அத்தை, கொடுக்கப்படாது" என்றாள் உடனே. "அப்பாவே எழுதி வச்சிருக்கார், தெரிஞ்சே போட்டேன்னு. இதைக் கொடுத்தா நாளைக்கு அவரை என்ன சொல்லுவா? தப்புப் பண்ணினார்னு இல்லே, ஏமாத்தினார்னு சொல்லுவா."

"அவா ஊர்ல ஆஸ்பத்திரியில சாமான் இல்லேடி."

"அப்பாவைக் கொடுத்து சாமான் வாங்கணுமா? அவர்தான் இல்லையே, தன் பக்கத்தைச் சொல்ல. இருக்கறது அவர் பேர் ஒண்ணுதான் அத்தை, அதையாவது விட்டு வைங்கோ."

அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. உன் நிலையத்தின் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர். உன் பேரில் வருஷாவருஷம் ஒரு சொற்பொழிவு நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "சேச்சி, அயச்சா சங்கரன் சாரோட பேரு போகும். லெக்சரும் நடக்காது. நம்மகிட்ட ஆரும் அஃபீஷியலா கேட்டிட்டில்லல்லோ. அலமாரியில இருந்தது அங்ஙனே இருந்தோட்டே."

அனுப்ப வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்கிறார். பஸ் ஏறி வந்துவிட்டேன். கரமனையில் இறங்கிப் பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன். நீ எதற்காக அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடாமல் வைத்தாய் என்று யோசித்தேன். பேர்தான் வேண்டுமென்றால் கிழித்திருப்பாய். யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று வைத்திருந்தாயா? அல்லது நீயே தினமும் எடுத்துப் பார்க்கவா? எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் முடிவு செய்தேன். மறுநாள் கடையில் கொடுத்து நாற்பது பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். மேலே எழுதியிருப்பது என்ன என்று ரோசலின் கேட்டாள். வரிக்கு வரி சொன்னேன். அது பாதிதான் உண்மை என்பதைச் சொல்லவில்லை.

நடந்ததையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். ரோசலின் பக்கத்தார் அதைப் பேச்சு வார்த்தையில் வைத்ததும், தீவின் பேப்பர் ஒன்றில் உன் படத்தையும் உன் கையெழுத்தையும் போட்டிருந்தார்கள். 'தெரிந்தே மறைத்தவர்' என்று தலைப்பு. அது இங்கே வந்து சேர ஒரு வாரம் ஆகவில்லை. சொற்பொழிவு நின்றது. கிட்டு மாமா இரண்டு நாள் வாசலுக்கு வரவில்லை, மூன்றாம் நாள் வந்து, "பேப்பர்ல கண்டதை எழுதுவான், நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மீரா அந்தப் படத்தை எனக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அதோடு ஐந்து மாதம் பேசவில்லை. அவள் பிறந்தநாளுக்கு நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

போன மாதம் ரோசலின் எழுதினாள். கடன் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் இறங்கி வந்திருக்கிறார்கள். வட்டியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். ஒரு பங்குக் கடனுக்கு மட்டும், நாட்டின் வளர்ச்சி குறைகிற வருஷம் தவணையும் குறையும் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீ எழுதியதுதான் அது, கிட்டத்தட்ட உன் வார்த்தையிலேயே. 'உங்கள் தம்பியின் அத்தியாயத்தால் மட்டும் நடந்தது என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். ஆனால் பேசுகிற மேஜையில் எல்லா நாளும் அது இருந்தது' என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் இன்னும் இறங்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்குச் சாமான் வரத் தொடங்கியிருக்கிறது, போதவில்லை. அவள் அம்மாவுக்கு அதனால் ஒன்றுமில்லை.

இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாயா? நான் ஒரு நாள் பூராவும் சந்தோஷப்படப் பார்த்தேன். முடியவில்லை. நீ உயிரோடு இருக்கும்போது அந்த மேஜையில் நீயே அதை வைத்திருக்க வேண்டும். வைக்க விடாமல் செய்தது எது என்று எனக்குத் தெரியும்.

நீ என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்காமல் போனாய். யாரும் சொல்லிச் செய்யவில்லை என்பது ஒருவேளை உன்னைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். "அக்கா சொன்னாள் என்று போட நான் என்ன சின்னக் குழந்தையா?" என்பாய். ஆனால் நீ கேட்டாயே, சங்கரா. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டு என்னிடம்தானே கேட்டாய். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீ போட்டிருக்க மாட்டாய். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தான் அந்த நாலு வரி எழுதினாய்.

வருஷாப்தீகத்துக்கு மீரா வருகிறாள். உனக்கு மகன் இல்லாததால் நம் பெரியப்பா பிள்ளைதான் காரியம் செய்கிறான். அவள் வருவது உனக்காக, எனக்காக இல்லை. ரயில் காலையில் தம்பானூர் வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று மெசேஜ் அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தேன்.

இந்த மலர் அச்சாகி அவள் கைக்குப் போவதற்கு முன்னால் என் வாயால் அவளுக்குச் சொல்லிவிடுவேன். ஆட்டோவில் வரும்போதே சொல்வேன், வீட்டுக்கு வந்தால் சமையல், சாஸ்திரிகள் என்று சாக்கு கிடைத்துவிடும். அவள் படிப்பைக் காரணமாகச் சொல்ல மாட்டேன், அந்தச் சுமை அவளுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு, அதையும் மறைத்தால் மறுபடி ஒரு அத்தியாயத்தை எடுத்தவளாவேன் என்று தோன்றியது. எல்லாம் சொல்கிறேன். ரோசலினுக்கும் எழுதி, அந்தப் பேப்பருக்குக் கொடுக்கச் சொல்கிறேன். மீரா ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் போனாலும் போகட்டும். திரும்பி வரும்வரை நான் அங்கேயே நிற்பேன்.

உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்ன அக்கா,
கோமதி